காப்பு கட்டும் ஆவாரம்பூவுக்கும் கத்தரிக்காய்க்கும் என்ன சம்பந்தம்? 'தரிசு' என்று நாம் அழிக்கும் செடியின் கதை

பொங்கலுக்கு முந்தின நாள் எந்த ஊர் மார்க்கெட்டுக்குப் போனாலும் அந்தக் கட்டைப் பார்க்கலாம். வேப்பிலை, பூளைப்பூ, கூடவே மஞ்சள் மஞ்சளாக ஆவாரம்பூ. காப்பு கட்ட வாங்கிட்டுப் போறோம். வாசலில் செருகுகிறோம். அதோடு சரி, அடுத்த வருஷம் வரைக்கும் அந்தச் செடி நம்ம ஞாபகத்தில் இருக்காது.

மீதி நாட்களில் அதே செடி ரோட்டோரத்தில், ஏரிக்கரையில், கல்லாங்குத்தில் நின்றுகொண்டிருக்கும். பிளாட் போட வரும் ஜேசிபி முதலில் வழித்துத் தள்ளுவதும் அதைத்தான். "வெறும் புதர்தானே!" என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

ஆனால் அந்தப் புதருக்கும், உங்கள் வீட்டில் கொதிக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நடுவில் நிற்பது ஒரு கருவண்டு. என்ன அந்தத் தொடர்பு? தேனீப் பெட்டி வைத்தால் போதாதா? ஆவாரையை நாமே வளர்க்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- ஆவாரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான, வறட்சி தாங்கும் காட்டுச்செடி.
- இதன் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான். அதையும் எல்லாத் தேனீக்களாலும் எடுக்க முடியாது.
- எடுக்கத் தெரிந்த அதே காட்டுத் தேனீக்கள்தான் கத்தரி, தக்காளிப் பூக்களிலும் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன.
- இந்தச் செடி வளரும் புதர் நிலங்கள் அரசுக் கணக்கில் 'தரிசு'. அங்கேதான் சிக்கல்.

ஆவாரை: யார் இந்தச் செடி?

தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலாட்டா. பழைய புத்தகங்களில் காசியா ஆரிகுலாட்டா என்று இருக்கும். இலைக்காம்பின் அடியில் காது மடல் மாதிரி இரண்டு சிற்றிலைகள் இருக்கும். அந்தக் காதைக் குறிப்பதுதான் 'ஆரிகுலாட்டா'.

தமிழுக்கு இது புதுச் செடி இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் பூக்களில் 'ஆவிரை'யும் ஒன்று. காதல் கைகூடாமல் மடலேறும் தலைவன் சூடுவதாகச் சங்கப் பாடல்கள் சொல்வதும் இந்தப் பூவைத்தான். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை இன்றைக்கும் பாட்டிகள் சொல்வார்கள்.

வெறும் பேச்சில் மட்டும் இருந்த செடியும் இல்லை. தென்னிந்தியாவில் தோல் பதனிட நீண்ட காலம் இதன் பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் இதற்கு இருக்கும் பெயரே 'தோல் பதனிடுபவரின் காசியா' என்ற பொருளில்தான். தழையை வயலுக்கு உரமாக மிதித்ததும் உண்டு. பக்கத்து மாநிலமான தெலங்கானாவில் 'தங்கேடு' என்ற பெயரில் இதுதான் மாநில மலர்.

தண்ணி இல்லாம எப்படித் தாக்குப்பிடிக்குது?

சித்திரை வெயிலில் சுற்றியிருக்கும் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் ஆவாரை பச்சையாக நிற்கும். வேர் ஆழமாக இறங்கும். இலை சின்னச் சின்ன இலைகளாகப் பிரிந்திருக்கும். சரளை மண், செம்மண், கரிசல் எதுவானாலும் ஒத்துக்கொள்ளும். மாடுகளும் பெரும்பாலும் இதைச் சீண்டுவதில்லை.

விதையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோல் ரொம்பக் கடினம். முதல் தூறலுக்கே எல்லா விதையும் முளைத்துவிடாது. சில இந்த வருஷம், சில அடுத்த வருஷம் என்று மண்ணுக்குள் காத்திருக்கும். ஒரு வருஷம் மழை ஏமாற்றினாலும் வம்சம் தொடரும்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி வருஷத்தில் தோட்டத்துப் பூக்கள் எல்லாம் கையை விரித்துவிடும். தேனீக்களுக்கும் வண்டுகளுக்கும் சாப்பாடு போடுவது இப்படிப்பட்ட காட்டுச்செடிகள்தான்.

பூவில் தேனே இல்லை... அப்புறம் எதுக்கு வண்டு வருது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பூ என்றால் தேன் இருக்கும், அதைக் குடிக்க வண்டு வரும், வரும்போது மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது இது. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. அது தருவது மகரந்தத் தூள் மட்டும்தான். தேனீ தன் புழுக்களுக்குக் கொடுக்கும் புரதச் சத்து அதுதான்.

அதையும் சும்மா கொட்டி வைத்திருக்காது. மற்ற பூக்களில் மகரந்தப் பை வெடித்துத் தூள் வெளியே தெரியும். ஆவாரையில் பையின் நுனியில் சின்னத் துளை மட்டும்தான் இருக்கும். பவுடர் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து அள்ள முடியாது, கவிழ்த்துத் தட்டினால்தான் கொட்டும்.

அந்தத் தட்டும் வேலையைச் செய்வது தச்சன் தேனீ. பட்டுப்போன மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். பெரிதாக, கருப்பாக, 'ஙொய்ய்ய்' என்ற சத்தத்தோடு பறந்துவருமே, நாம 'கருவண்டு' என்று சொல்வோமே, அதேதான். அது பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை அடிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் வேகமாக அதிரவைக்கும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் பீய்ச்சிக்கொண்டு வரும்.

இதற்கு அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்று பெயர். உலகில் சுமார் 20,000 தாவர வகைகள் இந்த முறையை நம்பியிருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள்.

ஆவாரையில் இன்னொரு தந்திரமும் உண்டு. பூவுக்குள் இருக்கும் மகரந்தத் தண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இருக்காது. மேலே இருக்கும் மூன்றும் மலடு. நடுவில் இருப்பவை வண்டுக்கான 'சாப்பாடு'. கீழே நீண்டு வளைந்திருப்பவை, வண்டுக்குத் தெரியாமல் அதன் உடம்பில் தூளைப் பூசிவிடும். வண்டு அதைச் சுமந்துகொண்டு அடுத்த பூவுக்குப் போகும். சாப்பாடும் போட்டாச்சு, வேலையும் வாங்கியாச்சு!

சரி, இதில் கத்தரிக்காய் எங்கே வந்தது?

கத்தரிப் பூவை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு நிற்கும். அதுவும் நுனியில் துளையுள்ள பவுடர் டப்பாதான். தக்காளிப் பூவும் அதே ரகம். சுண்டைக்காய், தூதுவளை, மணத்தக்காளி எல்லாம் அதே குடும்பம், அதே பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி அதிர்வு.

கத்தரியும் தக்காளியும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கக் கூடியவை. காற்று ஆட்டினாலும் கொஞ்சம் தூள் விழும். அதனால் வண்டு வரவில்லை என்றால் ஒரு காய்கூட வராது என்று பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் வண்டு வந்து அதிரவைத்த பூவில் அதிக மகரந்தம் விழும். காய் பிடிப்பது கூடும், விதை நிறைய வைக்கும், காயும் நன்றாகத் திரளும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஐரோப்பாவைப் பார்க்கலாம். அங்கே கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளி வளர்க்கிறார்கள். காற்றும் கிடையாது, வண்டும் கிடையாது. அதனால் ஆட்களை வைத்து, அதிரும் கருவியால் பூங்கொத்துகளைத் தொட்டுக்கொண்டே போனார்கள். 1980களின் கடைசியில்தான் பம்பிள் தேனீக்களைப் பெட்டியில் வளர்த்து விற்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அது ஒரு தனித் தொழில். அங்கே காசு கொடுத்து வாங்கும் அந்த வேலையை, நம்ம ஊர்க் கருவண்டு சும்மா செய்துகொடுக்கிறது.

ஆனால் கருவண்டு கத்தரித் தோட்டத்தை மட்டும் நம்பி வாழ முடியாது. கத்தரி பூப்பது சில மாதங்கள்தான். மீதி நாளைக்குச் சாப்பாடு? அங்கேதான் ஆவாரை. வருடத்தின் பெரும்பகுதி ஏதோ ஒரு செடியில் பூ இருக்கும். வரப்போரத்து ஆவாரை, உங்கள் பயிர் இல்லாத மாதங்களிலும் உங்கள் வேலையாளுக்குச் சோறு போடுகிறது.

தேனீப் பெட்டி வைத்தால் போதாதா?

"மகரந்தச் சேர்க்கை குறையுதா? நாலு தேனீப் பெட்டி வைங்க." அடிக்கடி கேட்கும் ஆலோசனை இது. தப்பில்லை. தென்னை, சூரியகாந்தி, வெள்ளரி, பூசணிக்கெல்லாம் பெட்டித் தேனீ நல்ல உதவி. மார்த்தாண்டம் பகுதியில் பல குடும்பங்களுக்கு அது வருமானமும்கூட.

ஆனால் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீக்கோ, மலைத்தேனீக்கோ, கொம்புத்தேனீக்கோ அதிரவைக்கும் இந்த வித்தை தெரியாது. கருவண்டு சிந்திவிட்டுப் போனதைப் பொறுக்கும், அவ்வளவுதான். தச்சன் தேனீ, நீலப்பட்டைத் தேனீ மாதிரியான காட்டுத் தேனீக்கள்தான் இதைச் செய்யும். இவற்றைப் பெட்டியில் கூட்டமாக வளர்க்க முடியாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனித்தனியாகக் கூடு கட்டி, கொஞ்சமே கொஞ்சம் குஞ்சுகளை வளர்க்கும்.

அதாவது, இவற்றை நாம் வாங்க முடியாது. இருப்பவற்றை வாழவிடத்தான் முடியும். அதற்கு இரண்டே தேவை: வருஷம் முழுக்கப் பூ, கூடு கட்ட இடம்.

உலக அளவில் நிலைமை என்ன?

பல்லுயிர் குறித்து அரசுகளுக்கு அறிவியல் ஆலோசனை தரும் பன்னாட்டு அமைப்பான ஐபிபிஇஎஸ், மகரந்தச் சேர்க்கை பற்றி 2016-ல் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதன் முக்கியத் தகவல்கள்:

- உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் 75 சதவீதத்துக்கும் மேல், கொஞ்சமாவது விலங்குகள், பூச்சிகள் செய்யும் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன.
- உலகில் 20,000-க்கும் அதிகமான காட்டுத் தேனீ இனங்கள் உள்ளன.
- கணக்கெடுத்த சில நாடுகளில், 40 சதவீதத்துக்கும் அதிகமான தேனீ இனங்கள் ஆபத்தில் இருக்கலாம்.

காரணங்களாக அந்த அறிக்கை சொன்னவை: நிலப் பயன்பாடு மாறுவது, பூச்சிக்கொல்லி, அந்நிய இனங்கள், நோய்கள், பருவநிலை மாற்றம். இதில் முதல் காரணம்தான் நம்ம கதைக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

'தரிசு' என்ற ஒரு சொல் செய்யும் வேலை

மத்திய அரசு வெளியிடும் இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பில் பல பிரிவுகள் உண்டு. அதில் புதர்க்காடுள்ள நிலமும் 'தரிசு' பட்டியலில்தான் வரும். ஆவாரை இயல்பாக வளரும் இடம் அதுதான். காகிதத்தில் 'தரிசு' என்று எழுதிவிட்டால், அந்த இடத்தில் எதைக் கொண்டுவந்தாலும் 'முன்னேற்றம்' என்று ஆகிவிடுகிறது. பிளாட் போட்டாலும், சூரிய மின்தகடு பதித்தாலும், மரம் நட்டாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மரம் நடுவது நல்லதுதானே? நல்லதுதான். 2022-ல் தமிழ்நாடு அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது இலக்கு. ஆனால் இந்த மாதிரிக் கணக்குகளில் எண்ணப்படுவது மரம். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில் புதர் நிலம் தனிப் பிரிவு, காட்டுப் பரப்பில் சேராது. ஆயிரம் ஆவாரஞ்செடி பூத்து நின்றாலும் மதிப்பெண் பூஜ்யம். அதை வழித்துவிட்டு மரக்கன்று நட்டால் கணக்கு ஏறும்.

இன்னொரு பக்கம், சீமைக் கருவேல மரங்களை அகற்றும் வேலை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு இது பெரிய பேச்சானது. 2022-ல் அந்நியத் தாவரங்களுக்கென்று மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அகற்றுவது சரி. அகற்றிய இடத்தில் என்ன வரப்போகிறது என்பதுதான் கேள்வி. நிலத்தை வெறுமனே விட்டால் சீமைக் கருவேலமே திரும்ப முளைக்கும். ஆவாரை மாதிரி உள்ளூர்ப் புதர்ச்செடிகளையும் மறுநடவுப் பட்டியலில் சேர்க்கலாம். பெரிய செலவும் இல்லை, முதல் வருஷத்துக்குப் பிறகு தண்ணீரும் பெரிதாகத் தேவைப்படாது.

பூவைப் பறிப்பதிலும் ஒரு கணக்கு இருக்கு

ஆவாரம்பூ டீ, பொடி, குளியல் பொடி என்று இப்போது நல்ல வியாபாரம். கிராமங்களில் சிலருக்கு இதில் கைச்செலவுக்குக் காசு கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு செடியில் எல்லாப் பூவையும் பறித்துவிட்டால் வண்டுக்கும் மகரந்தம் இல்லை, செடிக்கும் காய் இல்லை, அடுத்த தலைமுறைக்கு விதையும் இல்லை. கிளையோடு ஒடிக்காமல் பறிப்பதும், பாதிப் பூவைச் செடியிலேயே விடுவதும் எல்லோருக்கும் லாபம்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை: சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூ டீ குடிப்பவர்கள், அதை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வீட்டில், வயலில் ஆவாரை வளர்ப்பது எப்படி?

1. விதை எடுப்பது: தட்டையான காய்கள் பழுப்பு நிறமாகி, ஆட்டினால் சலசலக்கும்போது பறியுங்கள். ஒரே செடியில் எடுக்காமல், உங்கள் பகுதியிலேயே உள்ள பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது நல்லது.

2. விதை நேர்த்தி: அப்படியே போட்டால் நிறைய விதை முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் உப்பியிருக்கும் விதைகளை விதைக்கலாம். கொஞ்சம் விதைதான் என்றால், உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தும் ஊறவைக்கலாம்.

3. நேரம்: வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு விதைத்தால் மழையே பார்த்துக்கொள்ளும்.

4. இடம்: நல்ல வெயில் வேண்டும். நிழலில் பூ குறையும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகவே ஆகாது.

5. நேரடி விதைப்பு நல்லது: வேர் நேராகக் கீழே இறங்கும் செடி. பையில் வளர்த்தால், வேர் சுருண்டுகொள்வதற்கு முன் சின்னக் கன்றிலேயே நட்டுவிடுங்கள். மாடித்தோட்டம் என்றால் ஆழமான தொட்டியாகப் பாருங்கள்.

6. தண்ணீர், உரம்: முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர். உரம் தேவையில்லை.

7. கவாத்து: ஆள் உயரத்துக்கும் மேல் போகும். காய் முற்றிய பிறகு நுனியை வெட்டிவிட்டால் பக்கக் கிளை வந்து பூ அதிகமாகும்.

ஆவாரை மட்டும் போதாது

ஆவாரையில் தேன் இல்லை என்று பார்த்தோம். கருவண்டு பறக்கத் தெம்பு வேண்டுமென்றால் தேனும் வேண்டும். அதற்கு எருக்கு இருக்கிறது. எருக்கம்பூவுக்கு முக்கியமான விருந்தாளியே தச்சன் தேனீதான். தும்பைக்குச் சின்னத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும். மூன்றும் வறட்சி தாங்கும், மூன்றையும் நாம் 'களை' என்றே பிடுங்குகிறோம்.

கூடு கட்ட, பட்டுப்போன முருங்கைக் கட்டையோ காய்ந்த மூங்கிலோ வேலியோரம் கிடக்கட்டும். கருவண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டும் கையில் பிடித்து நசுக்கினால் தவிரக் கொட்டாது.

கத்தரிக்கு மருந்து அடிப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கலாம். தண்டு, காய்த்துளைப்பானுக்கு அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கும், அந்தக் கஷ்டம் புரிகிறது. ஆனால் பூவில் வண்டுகள் வேலை செய்யும் காலை நேரத்தைத் தவிர்த்து, சாயங்காலம் அடித்தால் இழப்பைக் குறைக்கலாம்.

அப்புறம், ஆவாரை இலையில் பச்சைப் புழுக்கள் இருந்தால் பதறாதீர்கள். வெளிர் மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள் அவை. இந்த இலையைத் தின்றுதான் வளரும். செடி திரும்பத் துளிர்த்துக்கொள்ளும்.

மஞ்சளாப் பூத்ததெல்லாம் ஆவாரை இல்லை

நர்சரியில் கேட்கும்போது கவனமாக இருங்கள். அதே சென்னா வகையைச் சேர்ந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அமெரிக்க மரமும் மஞ்சளாகத்தான் பூக்கும். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது பரவி, உள்ளூர்ச் செடிகளை அமுக்கிவிட்டதால் வனத்துறை வெட்டி அகற்றிவருகிறது. அதைத் தெரியாமல் வாங்கி நட்டுவிடக் கூடாது. நெடுஞ்சாலை நடுவில் மணி மணியாக மஞ்சள் பூ பூக்கும் டெகோமாவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆவாரை மரமாகாது, புதராகத்தான் இருக்கும். இலைக்காம்படியில் அந்தக் 'காது' இருக்கிறதா என்று பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

விவசாயி என்றால் வரப்போரத்தில் ஒரு வரிசை. பஞ்சாயத்து என்றால் ஏரிக்கரையைச் 'சுத்தம்' செய்யும்போது ஆவாரையை விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாம். பள்ளிக்கூடம் என்றால் சுற்றுச்சுவர் ஓரம் போதும். அரசு என்றால், நட்ட மரங்களை எண்ணுவதோடு, காப்பாற்றிய புதர்களையும் ஒரு கணக்கில் எழுதலாம்.

இதெல்லாம் முடியாது என்றாலும் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்குக் காலையில் ஏதாவது ஒரு ஆவாரஞ்செடி பக்கத்தில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கருவண்டு பறந்துவரும் சத்தம் ஒரு மாதிரி இருக்கும். பூவில் உட்கார்ந்ததும் சத்தம் சட்டென்று மேல் சுருதிக்கு மாறும். அந்தச் சத்தத்தில்தான் மகரந்தம் கொட்டுகிறது.

அடுத்த பொங்கலுக்குக் காப்பு கட்டுக்கு எங்கேயோ இருந்து வண்டியில் வரும் ஆவாரம்பூவை வாங்கப் போகிறோமா, நம்ம தெருமுனைச் செடியிலேயே நாலு பூ பறிக்கப் போகிறோமா? இந்த ஐப்பசிக்குள் போடும் விதையில்தான் இருக்கிறது பதில்.